வேலையோடும் வீட்டோடும் ஒரு முதுமாணிப் பட்டம்

உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடம் முதுமாணிப் பட்டத்தைப் பற்றிப் பேசுவது, பிறை காணுமுன் பெருநாள் உடுப்புத் தைப்பது போல என்று சில பெற்றோர் நினைக்கக்கூடும். பெருநாள் உடுப்பை எல்லோரும் பிறைக்கு முன்புதானே தைக்கிறோம்!

பதுளை, பண்டாரவளை, வெலிமடை, பசறைப் பகுதிகளில் ஆசிரியையாகவோ அலுவலகத்திலோ வேலை செய்துகொண்டு முதுமாணிக்குப் படிக்கும் பெண்கள் இன்று நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். தொடங்கி முடித்தவர்களும் உண்டு, தொடங்கி நடுவில் நின்றவர்களும் உண்டு. நின்றவர்களில் பெரும்பாலோர் கெட்டித்தனம் போதாமல் நின்றவர்கள் அல்லர் என்பது என் எண்ணம். இந்தப் படிப்பு வாரத்துக்கு எத்தனை மணி நேரத்தைக் கேட்கும் என்று சேரும்போது அவர்களுக்கு யாரும் எண்ணிச் சொல்லவில்லை. ஆகவே முதலில் எண்ணிப் பார்ப்போம்.

நம் நாட்டின் உயர்கல்விப் பட்டங்கள் இலங்கைத் தகைமைச் சட்டகம் என்ற ஒழுங்கின்படி 12 மட்டங்களாக வகுக்கப்பட்டுள்ளன. இளமாணிப் பட்டங்கள் 5ஆம், 6ஆம் மட்டங்களில் வருகின்றன. முதுமாணி இரண்டு இடங்களில் வருகிறது. பாடநெறியை மட்டும் கொண்ட முதுமாணி 9ஆம் மட்டம். அதற்கு 30 கிரெடிட். பாடநெறியோடு ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10ஆம் மட்டம். அதற்கு 60 கிரெடிட். சான்றிதழில் இரண்டும் 'முதுமாணி' என்றே இருப்பதால் பலர் வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. பிற்காலத்தில் கலாநிதிப் பட்டம் வரை போக வேண்டும், பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக வேண்டும் என்று எண்ணும் பிள்ளை ஆய்வுள்ள பட்டத்தையே தேட வேண்டும். பாடசாலையில் கற்பித்துக்கொண்டு தன் துறையறிவைப் பெருக்க விரும்புபவருக்கு 9ஆம் மட்டம் போதுமானதாக இருக்கலாம். விண்ணப்பிக்குமுன் அந்தப் பாடநெறி எந்த மட்டம் என்று கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

இந்தச் சட்டகத்தில் ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 50 மணி நேர உழைப்பு. அதில் விரிவுரை மண்டபத்தில் இருப்பது ஏறத்தாழ 15 மணி நேரம். மீதி 35 மணி நேரமும் வாசிப்பு, குறிப்பெழுதல், ஒப்படை, பரீட்சைக்கான ஆயத்தம் என்று நாமே தேடிக்கொள்ள வேண்டியவை. 30 கிரெடிட் என்றால் 1500 மணி நேரம். இதை ஒரே ஆண்டில் முடிப்பதாயின் வாரத்துக்கு ஏறத்தாழ 29 மணி நேரம் வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்குப் பரப்பினால் வாரத்துக்குப் பதினான்கரை மணி நேரம்.

இனி ஒரு பெண்ணின் வாரத்தை எடுத்துக்கொள்வோம். பதுளை நகரில் வீடு, பசறைக்கு அப்பால் ஒரு தோட்டப் பாடசாலையில் வேலை. வாரம் என்பது 168 மணி நேரம். பாடசாலை காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை, ஐந்து நாளுக்கு 30 மணி நேரம். பஸ்ஸுக்குக் காத்திருப்பது, ஏறுவது, இறங்குவது, தோட்டத்துப் பாதையில் நடப்பது எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாவது போகும், அது 15. தூக்கம் நாளுக்கு ஏழு மணி நேரப்படி 49. சமையல், துவையல், பிள்ளைகளின் பாடம், மாமியின் மருந்து என்று வீட்டுக் காரியங்களுக்கு நாளுக்கு மூன்று மணி நேரப்படி 21. தொழுகை, குளிப்பு, சாப்பாடு ஆகியவற்றுக்கு இன்னொரு 21. கூட்டினால் 136 வருகிறது. மிச்சம் 32 மணி நேரம்.

ஓராண்டுத் திட்டத்தில் 29 மணி நேரம் படிப்புக்குப் போனால் மூன்று மணி நேரம் மிஞ்சும். ஒரு கல்யாண வீடு, ஒரு மையித்து வீடு, பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால் அந்த மூன்று மணி நேரமும் போய்விடும். அதன் பிறகு எதைக் குறைப்பார்? நம் பெண்கள் குறைப்பது எப்போதும் தூக்கத்தைத்தான். இரண்டாண்டுத் திட்டத்தில் படிப்புக்குப் போக 17 மணி நேரத்துக்கு மேல் மிஞ்சுகிறது. ஆனால் விரிவுரை வார இறுதியில் பேராதனையில் நடக்கிறதென்றால் போக வரும் பயணமே பத்து மணி நேரத்துக்குக் குறையாது. அப்படியும் ஏழு மணி நேரம் கையில் இருக்கும். நெருக்கம்தான், என்றாலும் நடக்கக்கூடியது. வேலை செய்யும் பெண்ணுக்கு ஓராண்டில் முதுமாணி என்று ஒருவர் ஆசை காட்டினால் இந்தக் கணக்கை அவர் முன் போட்டுக் காட்டுங்கள்.

எங்கே படிப்பது என்பதும் இந்தக் கணக்கைச் சார்ந்ததே. பதுளையில் 2005இல் தொடங்கப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நம் வாசலிலேயே இருக்கிறது. ஆனால் அங்கே கல்வி ஆங்கில மொழியில். துறைகளும் விஞ்ஞானம், தொழில்நுட்பம், ஏற்றுமதி விவசாயம், முகாமைத்துவம் போன்றவை. தமிழ், வரலாறு, சமூகவியல், கல்வியியல் என்று போகிறவர்கள் பேராதனை, கொழும்பு, மஹரகம தேசிய கல்வி நிறுவகம், ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். 1980இல் அமைக்கப்பட்ட திறந்த பல்கலைக்கழகம் தொலைக்கல்வி முறையில் கற்பிப்பது. பதுளையிலும் அதற்கு நிலையம் உண்டு. வாரந்தோறும் மலையிறங்க முடியாதவர்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு அதுவே. இப்போது சில பாடநெறிகளில் ஒரு பகுதி விரிவுரை இணையவழியில் நடக்கிறது. எத்தனை நாள் நேரில் வர வேண்டும் என்பதை விண்ணப்பிக்கும்போதே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. முதற்பட்டம் வரை நம் நாட்டில் கல்வி இலவசம். 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த ஏற்பாட்டின் பயனை லயத்துப் பிள்ளையும் கடைக்காரர் பிள்ளையும் அனுபவிக்கிறோம். முதுமாணிக்கு அந்த ஏற்பாடு பொதுவாகப் பொருந்தாது. அரச பல்கலைக்கழகத்திலும் கட்டணம் செலுத்தியே படிக்க வேண்டும். தவணைக் கட்டணத்தோடு பயணச் செலவு, தங்குமிடம், நகலெடுப்பு, அச்சுச் செலவு, ஆய்வேட்டைக் கட்டிக் கொடுக்கும் செலவு எல்லாவற்றையும் சேர்த்துத் தொகை போடுங்கள். உரிய காலத்தில் முடிக்காதவரிடம் கால நீடிப்புக்கென்று மேலதிகக் கட்டணம் அறவிடும் இடங்களும் உண்டு. அப்படியானால் பட்டம் தாமதமாவதும் ஒரு செலவுதான்.

வெளிநாட்டுப் பட்டம், மிக விரைவில், வீட்டில் இருந்தபடியே என்று விளம்பரங்கள் வருகின்றன. அவற்றில் நல்லவையும் உண்டு, வெறும் காகிதமும் உண்டு. பிரித்தறிய ஒரு வழி: அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டு நூலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகங்களின் கைநூலிலோ இருக்கிறதா என்று பாருங்கள். நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களை ஏற்றுக்கொள்ள இந்த இரண்டையுமே பார்க்கிறது. பணம் கட்டிய பிறகு பார்ப்பதில் பயனில்லை.

சரி, சேர்ந்தாயிற்று. மிச்சமிருக்கும் மணி நேரத்தை எங்கே வைப்பது? 1885இல் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மானிய அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, எவ்வளவு விரைவாக மறக்கிறோம் என்று அளந்தார். கற்றதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே கைவிட்டுப் போகிறது, அதன் பிறகு மறதியின் வேகம் குறைகிறது என்று அவர் கண்டார். இதிலிருந்து நமக்குக் கிடைப்பது இதுதான்: ஞாயிறன்று கேட்ட விரிவுரையை அடுத்த சனிக்கிழமை திறந்து பார்ப்பவர் அநேகமாகப் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கும். அன்று மாலையே, திரும்பும் புகையிரதத்தில், அரை மணி நேரம் கொப்பியைப் புரட்டியவருக்கு அது ஞாபகமூட்டல் மட்டுமே. பேராதனையிலிருந்து பதுளை வரும் புகையிரதம் நானுஓயா, அப்புத்தளை என்று ஆடி அசைந்துதான் வரும். தெமோதரை வளைவில் வண்டி தன்னைத்தானே சுற்றி வருமுன் அன்றைய விரிவுரையை ஐந்து வரியில் எழுதி முடித்துவிடலாம். இருக்கை கிடைத்தால்!

வீட்டில் படிக்க நல்ல நேரம் சுபஹுத் தொழுகைக்குப் பின் வரும் ஒரு மணி நேரம். ஊவாக் குளிரில் அந்நேரம் போர்வையை விட்டு எழுவது எளிதல்ல என்பது தெரியும். இருந்தாலும் வீடு விழிக்குமுன் கிடைக்கும் ஒரு மணி நேரம், எல்லோரும் உறங்கிய பின் சோர்ந்த கண்ணோடு இருக்கும் இரண்டு மணி நேரத்துக்குச் சமம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது புதிதுமல்ல. பிரட்டுக்கு முன் அடுப்பு மூட்டும் தாய்மாரின் வீடு அந்நேரம் விழித்தே இருக்கும். அங்கே உள்ள கஷ்டம் வேறு. ஒரே காம்பராவில் ஆறு பேர் இருக்கும் லயத்தில் மேசைக்கு இடமேது? அப்படிப்பட்ட பிள்ளைகள் பாடசாலை விட்ட பின் அதிபரின் அனுமதியோடு ஒரு வகுப்பறையை நாளுக்கு ஒரு மணி நேரம் கேட்டுப் பெறலாம். பதுளை நகரில் பொது நூலகம் இருக்கிறது. வீடு சிறியதென்பதற்காகப் படிப்பை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்றில்லை.

ஆண்டையும் வாரத்தைப் போலவே பங்கிட வேண்டும். நோன்பு ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே வரும். அந்த மாதத்தில் புதிய அத்தியாயம் தொடங்காமல், எழுதியதைத் திருத்துவதற்கும் மேற்கோள்களைச் சரிபார்ப்பதற்கும் ஒதுக்கினால் அமலும் கெடாது, வேலையும் நிற்காது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை நம் பக்கம் மழைக்காலம். பாதை சரியும், மரம் விழும், மின்சாரம் நிற்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்ததை மறக்க முடியாது. அந்த மாதங்களில் வெளியூர்ப் பயணத்தையும் கள ஆய்வையும் நம்பித் திட்டம் போடாதீர்கள். வீட்டுக்குள் எழுதும் காலம் அது. எழுதியதை ஒரே கணினியில் வைத்திருக்காமல் மின்னஞ்சலிலும் ஒரு பிரதி போட்டு வையுங்கள்.

இப்போது வீட்டார் பற்றி. படிக்கிற பெண்ணுக்கு நேரத்துக்கு ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தால் ஆதரவு கொடுத்தாயிற்று என்று நினைக்கும் குடும்பங்கள் நிறைய. தேநீர் நல்லதுதான். அவளுக்கு வேண்டியது அந்த நேரத்தில் யாரும் கூப்பிடாமல் இருப்பது. வாரத்தில் இரண்டு மாலைச் சமையலை நானாவோ கணவரோ பொறுப்பெடுத்தால் ஐந்தாறு மணி நேரம் கிடைக்கும். மேலே போட்ட கணக்கில் அது எவ்வளவு பெரிய தொகை என்று பாருங்கள். கல்யாணம் பேசும்போதே படிப்பைப் பற்றியும் பேசிவிடுவது நல்லது. "படிக்க விடுவோம்" என்ற வாய்ச் சொல் போதாது. எத்தனை ஆண்டு, வாரத்தில் எந்த நாள் வெளியே போக வேண்டும், கட்டணத்தை யார் கட்டுவது என்பதையெல்லாம் அந்தச் சபையிலேயே கேட்கலாம். வாப்பாமார் மகர், சீர் வரிசை எல்லாவற்றையும் நுணுக்கமாகப் பேசுகிறார்கள். இதையும் பேசுவதில் குறைவொன்றுமில்லை. பிள்ளைப்பேறு வந்தால் பதிவை ஒத்திவைக்க வழியிருக்கிறதா என்பது மாணவர் கைநூலில் இருக்கும். விலகுவதற்கும் ஒத்திவைப்பதற்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல், கடிதம் ஒன்று எழுதாமல், சும்மா போகாமல் விட்டு இடத்தை இழப்பவர்கள் உண்டு. ஆய்வேடு எழுத முடியாதவர்களுக்குப் பட்டப்பின் டிப்ளோமாவோடு வெளியேறும் ஏற்பாடும் சில பாடநெறிகளில் இருக்கிறது. அதையும் வாசித்து வையுங்கள்.

பாடங்கள் பெரும்பாலும் முடிந்துவிடும். ஆட்கள் நிற்பது ஆய்வேட்டில். விரிவுரைக்கு நேரசூசி உண்டு, பரீட்சைக்குத் திகதி உண்டு, ஆய்வேட்டுக்கு இருப்பது தூரத்தில் ஒரு கடைசித் திகதி மட்டும். ஆகவே திகதிகளை நாமே வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளருக்கு இரண்டு பக்கம் அனுப்புங்கள். நன்றாக எழுதிய பிறகு அனுப்பலாம் என்று காத்திருந்தால் ஆறு மாதம் ஓடிவிடும், அதன் பிறகு அவருக்கு முகம் கொடுக்கவே கூச்சமாகிவிடும்.

தலைப்பைத் தூரத்தில் தேடாதீர்கள். பாணந்துறையைச் சேர்ந்த ம. மு. உவைஸ் தம் முதுமாணி ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்களின் பங்களிப்பு. அக்காலத்தில் சீறாப்புராணத்துக்கு அப்பால் பலருக்கும் தெரியாதிருந்த துறை அது. நூல்கள் முஸ்லிம் வீடுகளில் பெட்டிக்குள் கிடந்தன. அவற்றைத் தேடி எடுத்துப் பெயரும் காலமும் குறித்தார். 1953இல் கல்ஹின்னைத் தமிழ் மன்றம் அதை ஆங்கில நூலாக வெளியிட்டது. பின்னாளில் அவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கான பேராசிரியரானார், பீ. மு. அஜ்மல்கானோடு சேர்ந்து அத்துறையின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். இன்று பாடத்திட்டங்களில் இருக்கும் ஒரு துறைக்கு ஒரு முதுமாணி ஆய்வேடு அடித்தளமிட்டது. அவர் கையில் எடுத்தது தம் சமூகத்தின் வீடுகளில் இருந்த பொருளைத்தான்.

நம்மைச் சுற்றியும் பொருள் இருக்கிறது. பதுளை, பண்டாரவளைக் கடைத்தெருக்களில் நம் முன்னோர் வியாபாரம் தொடங்கிய வரலாறு, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராக்களில் வளரும் குழந்தைகளின் மொழி, கொழுந்து எடுக்கும் பெண்களின் தாலாட்டும் ஒப்பாரியும், உயர்தரத்துக்குப் போக ஊரில் வகுப்பில்லாத பிள்ளைகள் நாளொன்றுக்கு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வரண்ட காற்றினால் ஊவாத் தேயிலைக்கு வரும் மணத்தை உலகச் சந்தை அறியும்; அந்தக் கொழுந்தை எடுப்பவரின் வீட்டுக் கணக்கை எழுதியவர் குறைவு. வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய களம் என்றால் பயண நேரமும் மிச்சம். ஆனால் அயலவர் என்பதற்காக உரிமையோடு கேள்வி கேட்கக் கூடாது. தோட்ட நிர்வாகத்தின் அனுமதியும், பேசுபவரின் சம்மதமும், பெயரை மறைப்பதாகக் கொடுக்கும் வாக்கும் வேண்டும். கொழுந்து நிறுத்துவிட்டுக் களைத்து வரும் அம்மாவை வழியில் மறித்து வினாக்கொத்தை நீட்டாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள்.

நூல்களுக்காக ஒவ்வொரு முறையும் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. 'நூலகம்' என்ற பெயரிலேயே இயங்கும் இணைய நூலகத்தில் இலங்கைத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள் ஆயிரக்கணக்கில் இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. மலையகம் பற்றியவையும் முஸ்லிம்கள் பற்றியவையும் அவற்றுள் உண்டு. ஆங்கிலத்தில் வாசிக்க வேண்டியதும் நிறைய வரும், தமிழ்மொழி மூலப் பாடநெறியானாலும் கூட. ஒரு கொப்பியை நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் ஆங்கிலக் கலைச்சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல் என்று இப்போதிருந்தே எழுதி வரும் உயர்தர மாணவிக்கு ஆறாண்டுக்குப் பின் பாதிப் பயம் இராது.

தட்டச்சு பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் ஊர்களில் இன்னும் பாமினி எழுத்துருவிலேயே பழகியிருக்கிறோம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். இணையத்தில் தேடினாலும் அகப்படாது. முதல் ஒப்படையிலிருந்தே யூனிகோடில் தட்டுங்கள். வாசித்த நூலின் ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம், பக்கம் ஆகியவற்றை வாசித்த அன்றே குறித்து வையுங்கள். சொட்டேரோ என்ற இலவச மென்பொருள் அதை ஒழுங்குபடுத்தித் தரும். கொப்பியில் எழுதினாலும் குறையில்லை. பிறர் வரிகளைப் பெயர் சொல்லாமல் எடுத்தாளுவதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களைப் பல்கலைக்கழகங்கள் பயன்படுத்துகின்றன. அது இல்லாவிட்டாலும் எடுத்தது எடுத்ததுதான்.

ஆய்வேடு ஏற்றுக்கொள்ளப்பட்ட பின் கட்டிய பிரதிகளில் ஒன்றை மேலதிகமாகச் செய்து நம் கல்லூரி நூலகத்துக்குக் கொடுங்கள். அடுத்து வரும் பிள்ளை உங்கள் தலைப்பைப் பார்த்து, நீங்கள் எங்கே நிறுத்தினீர்கள் என்று பக்கம் புரட்டிப் பார்க்கட்டும்.